கடலோர நடையும் இரண்டு இரவுக் கூடாரமும்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

சிங்கப்பூரில் கடலோரமாக நடந்து கூடாரத்தில் தங்கப் புதிதாக வருபவர்களை நான் கூட்டிப்போகும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாள் மாலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம். மறுநாள் விடியலில் கிளம்பி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய கடலோரச் சாலை வழியாகச் சாங்கி முனை. அங்கிருந்து பும்போட் என்னும் சிறு மோட்டார் படகில் புலாவ் உபின் தீவு. இரண்டாம் இரவு அங்கே ஜெலுத்தோங் கூடார இடத்தில், மூன்றாம் நாள் மதியத்துக்குள் வீடு. கூடாரம் போடும் இடத்தைப் பொறுத்து இரண்டாம் நாள் நடை 15 முதல் 20 கிலோமீட்டர் வரும்.

அண்ணன் பிள்ளைகள், அலுவலக நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பலரோடு போய்விட்டேன். ஆட்கள் மாறினாலும் கோளாறுகள் மாறுவதில்லை. அதே இடத்தில், அதே நேரத்தில், அதே வரிசையில் வருகின்றன. அதனால் அவற்றை அறிகுறி வாரியாகவே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பெரிய காரணம் கடைசியில்.

ஒன்றை மட்டும் எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். தீவுக்குப் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்பதைப் படகுத்துறைக்குப் பக்கத்துச் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து முடிவெடுங்கள். அதுவரை நடந்த வழியில் டாக்சி கூப்பிடலாம். சாங்கி வில்லேஜிலிருந்து 2, 29 எண் பேருந்துகள் உண்டு. படகில் ஏறிவிட்டால் அப்படியில்லை. இருட்டிய பிறகு திரும்பிவரப் படகு கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கோளாறு பாதி சரியான நிலையில் யாரையும் படகில் ஏற்றாதீர்கள்.

## பாதத்தில் ஓரிடம் சூடாக உறுத்துகிறது

இது எப்போதும் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் வரும். வந்தவர் சொல்ல மாட்டார். மற்றவர்களை நிறுத்திவைக்கக் கூச்சம். ஆகவே கிளம்பி 45 நிமிடத்தில் நானே எல்லாரையும் உட்காரவைத்துக் காலணியைக் கழற்றச் சொல்கிறேன். அந்த நேரத்தில் தோல் சிவந்து மட்டும் இருக்கும், கொப்புளம் எழும்பியிருக்காது. அப்போது பிடித்தால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை.

பார்க்கும் வரிசை:

மணல். காலுறையைக் கழற்றி உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள், காலணியின் உள்தட்டையும் எடுத்துத் தட்டுங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

கயிறு. குதிகால் உறுத்தினால் காலணி தளர்ந்து குதிகால் மேலும் கீழும் போகிறது என்று பொருள். கணுக்கால் பக்கம் இறுக்குங்கள். விரல் நுனி வலித்தால் கால் முன்னால் சரிகிறது, அதற்கும் மேற்பகுதியைத்தான் இறுக்க வேண்டும். மேற்பாதம் மரத்துப்போனால் நடுவில் தளர்த்துங்கள்.

ஈரம். காலுறையைப் பிழிந்து பாருங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பருத்திக் காலுறை காலையில் நனைந்தால் மாலை வரை காயாது. உலர்ந்த ஜோடிக்கு மாறி, நனைந்ததைப் பையின் வெளியே தொங்கவிடுங்கள். ஒருவருக்கு மூன்று ஜோடி கட்டாயம். மூன்றாவது ஜோடி தூங்குவதற்கு மட்டும்.

புதுக் காலணி. இதற்குப் பாதையில் மருந்து கிடையாது. சிவந்த இடத்தில் ஒட்டும் துணிப்பட்டையைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டிவிட்டு நடக்கலாம். அது இல்லாவிட்டால் பிளாஸ்டர். ஆனால் பிளாஸ்டர் வியர்வையில் நழுவி இன்னொரு சுருக்கத்தை உண்டாக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

### கொப்புளம் எழும்பிவிட்டது

சிறியதாக இருந்து நடக்கும்போது வலிக்கவில்லை என்றால் உடைக்காதீர்கள். நடுவில் ஓட்டை விட்ட பஞ்சுத் தாளைச் சுற்றி வைத்து, மேலே பட்டை ஒட்டுங்கள். தானாக உடைந்திருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், கடல் தண்ணீர் வேண்டாம். மேல்தோலைப் பிய்க்காமல் மூடிவிடுங்கள்.

### எப்போது நடையை நிறுத்துவது

நடையின் சாயல் மாறிவிட்டால். ஒருவர் நொண்டத் தொடங்கினால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் முழங்காலோ இடுப்போ பிடித்துக்கொள்ளும். கொப்புளத்தில் சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் மருந்தகத்துக்கு (கிளினிக்) போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு என் விதி கடுமையானது: தோல் கிழிந்தால் அன்றே வீடு, மறுநாள் மருத்துவர். நம்மவர்களில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதே தெரியாமல் நடப்பவர்களும் உண்டு. கிளம்பும் முன்பே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

## பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சாங்கி விமான நிலையப் பக்கத்துக் கடலோரச் சாலை ஓடுபாதையை ஒட்டி நேராக நீண்டு போகும். நிழல் குறைவு, கடைகளும் இல்லை. அந்த இடத்துக்கு நாம் போய்ச் சேருவது பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல். ஒருமுறை என் அண்ணன் மகன், பன்னிரண்டு வயது, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் “சித்தப்பா, இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் கேள்வி நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் முகம் வெளிறி, உதடு வறண்டு, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புகிறான். மரத்தடியில் படுக்கவைத்து, சட்டையை நனைத்து விசிறி, கொஞ்சம் கொஞ்சமாக உப்புச் சர்க்கரை நீர் கொடுத்த பிறகு சரியானான். அன்று தீவுப் பயணத்தை ரத்து செய்தோம். அதிலிருந்து பேச்சு குறைவதையே நான் முதல் அறிகுறியாக வைத்திருக்கிறேன்.

முதலில் நிழல், உட்காரவைத்தல், பையை இறக்குதல். கேள்வி அப்புறம்.

### கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறார், சோர்வு மட்டும்

காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். “பசிக்கல, தே மட்டும் குடிச்சேன்” என்பதுதான் வழக்கமான பதில். வாழைப்பழம், பேரீச்சம்பழம், நிலக்கடலை மிட்டாய் என ஏதாவது கொடுத்து இருபது நிமிடம் உட்காரவையுங்கள்.

அடுத்து, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், என்ன நிறம் என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. காலையிலிருந்து போகவில்லை, அல்லது கரும்மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை.

தண்ணீர் நிறையக் குடித்தும் தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கியிருக்கின்றன என்றால் அவர் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்திருக்கலாம். அப்போது மேலும் தண்ணீரைத் திணிக்காதீர்கள். உப்புள்ள தின்பண்டம் கொடுங்கள், நடையை நிறுத்துங்கள். குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

### வியர்வை வழிகிறது, தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல்

வெப்பச் சோர்வு. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி. காற்று வேண்டும், அட்டையால் விசிறுங்கள். வாய்வழி நீரேற்றும் உப்புப் பொட்டலத்தைக் கரைத்துச் சிறு சிறு மிடறாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் 995 (ஆம்புலன்ஸ் அழைக்கும் எண்). தேறிவிட்டாலும் அன்றைய நடை அவருக்கு முடிந்தது.

### குழப்பமாகப் பேசுகிறார், தள்ளாடுகிறார், மயங்குகிறார், வலிப்பு வருகிறது

995. யோசிக்காதீர்கள், மற்றவர்களிடம் கருத்துக் கேட்காதீர்கள். ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் கையிலிருக்கும் தண்ணீரையெல்லாம் அவர்மேல் ஊற்றி விசிறட்டும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடந்துவந்தவருக்கு வியர்வை இருந்துகொண்டே வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) வரலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தடுப்பதற்கு எளிய வழி, மைஈஎன்வி (myENV) என்ற அரசாங்கச் செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பார்ப்பது. 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33 ஆகிவிட்டால் அதிகம். இது வெயிலோடு காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுக்கும் அளவு, சாதாரண வெப்பநிலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மிதம் என்றால் அரை மணி நேரத்துக்கு ஒரு நிழல். அதிகம் என்றால் புதியவர்களோடு நான் நடப்பதில்லை.

## வானம் கறுக்கிறது, இடி கேட்கிறது

இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கட்டடம் அல்லது மூடிய வாகனம் தேடுங்கள். தனி மரத்தடி, கூடாரம், கடற்கரை, படகுத்துறை நான்கும் ஆகாது. கூடாரம் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. புதியவர்கள் பயத்தில் முதலில் ஓடுவது கூடாரத்துக்குள்தான். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

விமான நிலையப் பக்கத்துக் கடலோரச் சாலையின் நடுவில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் கிளம்பும் முன் மழை மேகப் படத்தைப் பார்த்து, மேற்கே சிவப்பு மஞ்சள் திட்டு நகர்ந்து வந்தால் பூங்காவிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் கெட்டுப்போகாது. யாருக்காவது மின்னல் தாக்கினால் தொட்டுத் தூக்கலாம், உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு இல்லையென்றால் உடனே இதய அழுத்த முதலுதவி (சிபிஆர்), கூடவே 995.

## விடிகாலையில் கூடாரம் முகத்தில் சாய்கிறது

சுமத்ராக் காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். பெயரே சொல்கிறது, மேற்கே உள்ள சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து வருகிறது. ஈஸ்ட் கோஸ்ட்டில் எல்லாரும் கடல்பக்கக் கயிறுகளை இறுக்கிக் கட்டிவிட்டு முதுகுப்பக்கத்தைச் சும்மா விட்டிருப்பார்கள். காற்று அந்தச் சும்மா விட்ட பக்கத்திலிருந்துதான் வரும். ஒரு நண்பரின் குடும்பம் நாலு மணிக்குக் கொட்டும் மழையில் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு, கூடாரம் போட்டதும் நான்கு பக்கமும் நானே நடந்து கயிறுகளை இழுத்துப் பார்க்கிறேன்.

சோதனை: கயிற்றை ஒரு கையால், தோளிலிருந்து இழுங்கள். முளை அசைந்தால் இரவில் பிடுங்கிக்கொண்டு வரும்.

### முளை மணலில் நிற்கவில்லை

சாய்வைப் பாருங்கள். முளையின் தலை கூடாரத்தை விட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். நேராகக் குத்தியதை மாற்றினாலே பாதி சரியாகும். போதவில்லை என்றால் கடையில் கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய கம்பி முளைகளை விட்டுவிடுங்கள், அவை புல்தரைக்கு. கனமான பிளாஸ்டிக் பைகளில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். செலவே இல்லை, எனக்கு இதுவரை ஒன்றுகூடப் பிடுங்கிக்கொண்டு வந்ததில்லை. காலையில் பைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அடிக்கடி போகப்போகிறீர்கள் என்றால் அகலமான மணல் முளை வாங்கலாம்.

### கம்பம் வளைந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது

உடைந்த இடத்தில் கூடார முளை ஒன்றை வைத்து ஒட்டும் பட்டையால் இறுக்கிச் சுற்றினால் ஓர் இரவு தாங்கும். இரண்டு இடத்தில் உடைந்தால் கூடாரத்தை மடித்து, கூரையுள்ள இடத்துக்கு எல்லாரையும் நகர்த்துங்கள். உடைந்த கம்பத்தோடு தீவுக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, இடம். பெரிய கிளைகளுக்கு நேர்கீழே கூடாரம் போடாதீர்கள். நிழலுக்கு ஆசைப்பட்டு அங்கேதான் போடத் தோன்றும். காய்ந்த கிளை தொங்குவதைப் பார்த்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.

## காலையில் படுக்கை ஈரம்

மழை பெய்ததா இல்லையா என்று முதலில் கேளுங்கள். பலர் பெய்யாத மழைக்குக் கூடாரத்தைக் குறை சொல்லிக் கடையில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

மழை இல்லை, கூரைத்துணியின் உட்புறம் முழுக்கச் சிறு துளிகள் என்றால், அது உங்கள் மூச்சும் வியர்வையும். காற்றுத் துவாரங்களைத் திறந்துவிடுங்கள், மேல்துணி உள்துணியைத் தொடாதபடி கயிற்றை இழுத்துக் கட்டுங்கள்.

மழை பெய்தது, ஒரு மூலை மட்டும் ஈரம் என்றால் வெளியே போய்த் தரைவிரிப்பைப் பாருங்கள். அது மேல்துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வழியும் நீரை அதுவே ஏந்திக் கூடாரத்துக்கு அடியில் கொண்டுவந்திருக்கும். உள்ளே மடித்துவிட்டால் போதும். இந்தத் தவறைப் புதியவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிறார்கள், நீலப் பிளாஸ்டிக் விரிப்பு பெரியதாக இருந்தால் நல்லது என்ற நினைப்பில்.

தையல் நெடுக ஈரம் என்றால் தையல் பசை கசிகிறது. பாதையில் ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்கு வந்து தையல் அடைக்கும் பசை பூசலாம். தரை முழுக்க, முழங்காலை ஊன்றினால் நீர் மேலே வருகிறது என்றால் தரைத்துணியின் பூச்சு போய்விட்டது. புதுக் கூடாரம்தான்.

### ஈரம் உப்புக் கரிக்கிறது

கடல் வந்திருக்கிறது. இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். மாலையில் இறக்கத்தின்போது அகலமாகத் தெரியும் மணல் நடு இரவில் இருக்காது. காய்ந்த கடற்பாசியும் குச்சிகளும் கோடு போட்டமாதிரி ஒதுங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அதற்கும் மேலே போடுங்கள். ஏற்ற இறக்க அட்டவணையை முன்கூட்டியே பார்த்து ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது.

## இரவு முழுக்கத் தூக்கமில்லை

கூடாரத்தின் வாசல் காற்று வரும் பக்கம் இருக்கிறதா? திருப்பிப் போடுங்கள். மேல்துணியை மழை இல்லாதபோது ஒரு பக்கம் சுருட்டிவிடுங்கள். குளிர்நாட்டுத் தூக்கப்பை இங்கே தேவையே இல்லை; ஒரு மெல்லிய பருத்திக் கைலியோ போர்வையோ போதும். தூங்கும் முன் உப்பையும் வியர்வையையும் கழுவிவிட்டு உலர்ந்த உடை போட்டாலே வித்தியாசம் தெரியும். முதல் இரவு சரியாகத் தூங்காதவர் இரண்டாம் நாள் வெயிலில் சீக்கிரம் விழுவார், அவர் பையிலிருந்து இரண்டு கிலோவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

## உடம்பெல்லாம் அரிப்பு

எப்போது தொடங்கியது என்று பாருங்கள். கடித்த உடனே அரித்தால் கொசு. மறுநாள் சிறு சிறு சிவப்புப் புள்ளிகளாக, கணுக்காலிலும் இடுப்புப் பட்டை ஓரத்திலும் கூட்டமாக எழும்பினால் மணல் ஈ. உபினிலும் பாசிர் ரிஸ்ஸிலும் அலையாத்திக் காட்டை ஒட்டி, விடியலிலும் அந்தியிலும் அதிகம். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் அது நுழைந்துவிடும்.

சொறியாமல் இருப்பதுதான் பாதி மருத்துவம். கோடாலித் தைலம் சற்று நேரத்துக்கு மறக்கவைக்கும், ஆறாது. அரிப்பு மாத்திரையும் கலமைன் பூச்சும் பையில் இருக்கட்டும். அந்திக்கு அரை மணி முன்பே முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, டீட் அல்லது பிக்காரிடின் உள்ள விரட்டி. மணிக்கட்டு, கணுக்கால், காதின் பின்புறம் விட்டுப்போகும், அங்கேதான் கடிக்கும்.

முகம், உதடு வீங்குகிறது அல்லது மூச்சு இழுக்கிறது என்றால் 995. சொறிந்த இடம் சூடாகிச் சீழ் கட்டினால் மருந்தகம். வீடு திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் பயணத்தைச் சொல்லி டெங்கிச் சோதனை கேளுங்கள். அதுவரை பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் வேண்டாம்.

## தண்ணீருக்குள் கால் வைத்ததும் சுருக்கென்றது

கரைக்கு வாருங்கள், உட்காருங்கள், பாருங்கள்.

கீறல் மட்டும், வலி குறைந்துகொண்டே வருகிறது என்றால் கிளிஞ்சல். நன்றாகக் கழுவிக் கட்டுங்கள்.

குத்திய ஓட்டை, வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது என்றால் திருக்கை அல்லது கல்மீன். பாதத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் வையுங்கள், 30 நிமிடமாவது. சூட்டை அடிபடாதவர் கையால் சோதியுங்கள், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. ஆழமாகப் பதிந்த முள்ளைப் பிடுங்காதீர்கள். இந்த வகைக்கு எப்போதும் மருத்துவமனைதான். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் 995.

சாட்டையால் அடித்ததுபோல் கோடுகள் என்றால் சொறிமீன். மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்டிச் சொறிமீன் நம் கடலிலும் தென்பட்டிருக்கிறது; வினிகர் அரை நிமிடம் தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கவ்வியால் எடுங்கள். கோடுகள் பெரிய பரப்பில் இருந்தாலோ உடம்பு நடுங்கினாலோ 995. ஒரு சிறிய புட்டி வினிகர் என் பையில் எப்போதும் உண்டு. இறக்கத்தில் நடப்பவர்கள் செருப்பை நம்பாதீர்கள், அடி தடித்த காலணி வேண்டும்.

## பையைக் காணோம், சாப்பாட்டைக் காணோம்

உபினில் குரங்கும் காட்டுப்பன்றியும். மூடி சரியாக மூடாத டப்பா, பிளாஸ்டிக் பை சலசலப்பு, குப்பை மூட்டை மூன்றில் ஒன்றுதான் காரணம். உணவைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். துணி அறுந்துபோகும், ஆளும் பயந்துபோவார். சுருட்டி மூடும் பையில் போட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பன்றி நின்று பார்த்தால் மெதுவாகப் பின்னால் நகருங்கள். குட்டிகளோடு இருந்தால் தூரமாகச் சுற்றிப் போங்கள். குரங்கு கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றே மருந்தகம் போங்கள். விலங்கு வழியை மறித்து நகராவிட்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600.

### பாம்பு கடித்துவிட்டது

995. கத்தியால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை அசையாமல் உட்காரவைத்து, மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடித்த உறுப்பை ஆடாமல் பிடியுங்கள். பாம்பைத் துரத்திப் படம் எடுக்கப் போகாதீர்கள். கண்ணில் நாகம் விஷம் துப்பினால் நல்ல தண்ணீரால் 15 நிமிடமாவது விடாமல் கழுவுங்கள்.

## வயிற்றைக் கலக்குகிறது

முதலில் உணவு. காலையில் கட்டிய தயிர்சாதம் நம் வெயிலில் மதியம் தாண்டக் கூடாது. புளிச்சோறு கொஞ்சம் தாங்கும், ஆனாலும் இரவுக்கு வைக்காதீர்கள். அடுத்து தண்ணீர். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடித்துப் பழகிய நாம் உபினிலும் அப்படியே குடித்துவிடுகிறோம். அங்கே கூடார இடத்துக்குக் குடிநீரைக் கொண்டுபோக வேண்டும், ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர், சமையலுக்கு வேறு. படகுத்துறைப் பக்கத்துக் கடைகளிலும் வாங்கலாம். மூன்றாவது, கை. மணலில் விளையாடிய கையைக் கழுவாமல் சாப்பிடுவது.

உப்புச் சர்க்கரை நீர் போதும் பெரும்பாலும். இரத்தம் கலந்தால், காய்ச்சல் வந்தால், குடித்த தண்ணீரும் தங்கவில்லை என்றால், பொழுது சாயும் முன்பே படகு பிடியுங்கள். குழந்தைக்கு இப்படியானால் அறிகுறி இரண்டாவது தடவை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

## கைப்பேசி “வெல்கம் டு மலேசியா” என்கிறது

உபினின் வடகரையிலும் சாங்கியின் சில இடங்களிலும் எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிட்டு, அமைப்புகளில் உங்கள் தொலைபேசி நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகும் சிக்னல் இல்லாவிட்டால் நூறு அடி தள்ளி, உயரமான இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இதைக் கரையிலேயே செய்து பழகிக்கொள்ளுங்கள், அவசர நேரத்தில் தேடக் கூடாது. பேட்டரி வேகமாகத் தீர்ந்தாலும் பலமுறை இதே காரணம்தான்: கைப்பேசி இரவு முழுக்கச் சிக்னல் தேடிக்கொண்டிருக்கும். படுக்கும்போது ஒன்றைத் தவிர மற்றவற்றை அணைத்துவையுங்கள். அந்த ஒன்று யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

995 அழைக்கும்போது இடத்தைச் சொல்லத் திணறுவார்கள். பூங்கா விளக்குக் கம்பங்களில் எண் இருக்கும், அதைப் படியுங்கள். தீவில் வரைபடச் செயலியிலிருந்து இருப்பிட எண்களை வாசியுங்கள்.

## இரவில் அதிகாரி வந்து அனுமதி கேட்கிறார்

ஈஸ்ட் கோஸ்ட்டில் குறித்த பகுதியில் மட்டும்தான் கூடாரம் போடலாம், முன் அனுமதி வேண்டும், ஏஎக்ஸ்எஸ் (AXS) கட்டணச் சேவை வழியாக எடுக்கலாம். அனுமதியில் உள்ள பகுதியும் கூடாரம் நிற்கும் பகுதியும் ஒன்றா என்று பாருங்கள். பலருக்கு அனுமதி இருக்கும், இடம் தவறியிருக்கும். படத்தைக் கைப்பேசியில் சேமித்து, தாளில் ஒரு பிரதியும் வையுங்கள். கோனித் தீவு அழகாக இருக்கிறது என்று அங்கே தங்க நினைக்காதீர்கள், மாலை 7 மணிக்கு மூடிவிடுவார்கள். நெருப்பைப் பூங்காவின் வாட்டும் அடுப்பில் மட்டும் மூட்டலாம், தரையில் மூட்டக் கூடாது. நகரச் சொன்னால் வாதாடாமல் நகருங்கள். இரவில் நகர வேண்டியிருந்தால் முதலில் முளைகளை எண்ணிக்கொண்டு பிடுங்குங்கள், மணலில் விட்டுப்போன ஒரு கம்பி காலையில் யாரோ ஒரு குழந்தையின் பாதத்தில் ஏறும்.